கூடிப் பேச ஒரு கூரை

கீரமங்கலத்தை அடுத்த நெடுவாசலை 2017 பிப்ரவரிக்கு முன் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வெளியே அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்த செய்தி வந்த சில நாட்களுக்குள் அந்த ஊர் நாடியம்மன் கோயில் திடலில் கூடி உட்கார்ந்துவிட்டது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்து விவசாயிகளும் பெண்களும் மாணவர்களும் வாரக்கணக்கில் அங்கே வந்துபோனார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் நிலத்தடி நீரைப் பற்றி எழுதினார்கள், தென்னையையும் பூச்செடியையும் பற்றி எழுதினார்கள். திடலைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதத் தோன்றியிருக்காது, ஊர் என்றால் திடல் இருக்கும், கோயில் இருக்கும், கூடுகிறபோது யாரும் எழுந்துபோகச் சொல்ல மாட்டார்கள் என்பது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பகுதி உழைப்பாளிகளுக்கு அப்படி ஓர் இடம் நூற்றாண்டுகளாக இருந்ததில்லை. ஊர்க் கூட்டத்தில் அவர்கள் நிற்கலாம், தூரத்தில், பேச முடியாது. கோயில் வாசலைத் தாண்ட முடியாது. கிராமத்துக் கிறிஸ்தவச் சபைகள், குறிப்பாக மெதடிஸ்ட் சபைகள், எப்படி வளர்ந்தன என்ற கேள்விக்குப் பதிலை இங்கிருந்துதான் தேட வேண்டும் என்பது என் வாதம். மதமாற்றம் என்ற சொல்லை எடுத்த உடனேயே அந்நியப் பணம், ஆசைகாட்டல் என்று ஒரு தரப்பும், தேவகிருபை, மிஷனரியின் தியாகம் என்று இன்னொரு தரப்பும் பேச ஆரம்பித்துவிடுகின்றன. இரண்டு தரப்பும் சபையில் சேர்ந்தவர்களைக் கையேந்தி நிற்கும் கூட்டமாகவே பார்க்கின்றன. சேர்ந்தவர்கள் எதைத் தேடி வந்தார்கள், வந்து எதைக் கட்டினார்கள் என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

மெதடிஸ்ட் இயக்கம் பிறந்த இடத்திலேயே இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஜான் வெஸ்லி 1739-ல் பிரிஸ்டலுக்குப் பக்கத்துக் கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வெட்டவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அவருடைய பிரசங்கங்களைவிட நீண்ட நாள் நிலைத்தது அவர் விட்டுப்போன அமைப்பு. 1742-ல் பிரிஸ்டல் ஜெபவீட்டின் கட்டடக் கடனை அடைக்க, உறுப்பினர்களைப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரை வைத்து, தலைக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க முடிவானது. அந்தக் கடன் வசூல் ஏற்பாடுதான் மெதடிஸ்டுகளின் உயிர்நாடியான 'கிளாஸ்' கூட்டமாக மாறியது. (ஒரு சீட்டுக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலிருந்து ஓர் ஆன்மிக இயக்கம் எழுந்தது போலத்தான், இதில் இழிவு ஒன்றுமில்லை.) சுரங்கத்திலும் வயலிலும் வேலை செய்தவர்கள் அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசக் கற்றார்கள், வரவு செலவு எழுதக் கற்றார்கள், ஒரு தலைவரைக் கேள்வி கேட்கக் கற்றார்கள். பலனும் தெரிந்தது. 1834-ல் டோர்செட் பகுதியின் டால்படில் கிராமத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் வைத்ததற்காக ஆறு பண்ணையாட்களை ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெதடிஸ்டுகள், தலைவரான ஜார்ஜ் லவ்லெஸ் சபையின் உள்ளூர்ப் பிரசங்கியார். 1872-ல் இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கிய ஜோசப் ஆர்ச்சும் அப்படிப்பட்ட பிரசங்கியாரே. மெதடிசம் தொழிலாளிகளின் கோபத்தை மழுங்கடித்தது என்று இ.பி. தாம்ஸன் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். சபையின் மேல்மட்டத்தைப் பார்த்தால் அதில் உண்மை உண்டு. அடிமட்டத்தில் அது கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுத்தது என்பதும் அதே அளவு உண்மை.

தமிழ் பேசும் நிலத்துக்கு வெஸ்லியன் மிஷனரிகள், அதாவது பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள், 1814-ல் இலங்கை வழியாக வந்தார்கள். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கால்பதித்து, 1817-ல் ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். அதற்குப் பிறகான முதல் அறுபது ஆண்டுகளில் அவர்களுடைய முயற்சி பெரும்பாலும் நகரங்களிலும் பள்ளிகளிலும்தான் செலவானது: சென்னை இராயப்பேட்டை, நாகப்பட்டினம், மன்னார்குடி. கீரமங்கலத்திலிருந்து பேராவூரணி, பட்டுக்கோட்டை வழியாகப் போனால் மன்னார்குடி. இந்தப் பகுதி மக்களுக்குத் தெரிந்த பழைய மெதடிஸ்ட் மையம் அதுதான். அங்கே 1845-ல் தொடங்கிய பள்ளி பின்னால் ஃபின்லே என்ற பெயர் பெற்று, சில காலம் கல்லூரியாகவும் இருந்து, இன்றும் மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. காவிரிப் படுகையின் நிலக்கிழார், கணக்கர், வக்கீல் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே ஆங்கிலம் படித்தார்கள், வேதபாட வகுப்பில் உட்கார்ந்தார்கள், தேர்வு எழுதினார்கள், வீட்டுக்குப் போய்த் தங்கள் நெற்றிக் குறியோடு வாழ்ந்தார்கள். பள்ளி செழித்தது, சபை சிறுத்தே கிடந்தது. இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். பணமும் ஆங்கிலக் கல்வியும் அரசு உத்தியோக வாசலும்தான் மதம் மாற்றும் கருவிகள் என்றால், அவை மிகுதியாகக் கொட்டப்பட்ட மன்னார்குடியில் சபை பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. தங்களுக்கென்று கோயிலும் அக்கிரகாரமும் சங்கமும் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு கூடும் இடம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது படிப்பு, அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சபை பெருகியது வேறு இடங்களில். சென்னைக்கு மேற்கே, அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர், அதை ஒட்டிய ஈக்காடு. தெற்கே கரூர், 1910-களிலிருந்து தாராபுரம். திருவள்ளூர்ப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வளர்ச்சியின் உள்யந்திரம் அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. செங்கல்பட்டில் மிராசு முறை. நிலம் மட்டுமல்ல, தரிசின் மீதான முன்னுரிமையும் மிராசுதாருக்கு. நிலமற்ற ஒருவர் தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து போட்டால், மிராசுதார் எனக்கு வேண்டும் என்று சொன்னால் போதும், அவருக்கே போகும். அரசு ஏடுகள் பறையர் என்று எழுதிய மக்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாருடையதாகவே கருதப்பட்டது. படியாளாக இருப்பவர் வாங்கிய கடன் மகன் தலைமேல் இறங்கும். இந்த நிலையில் 1880-களிலிருந்து திருவள்ளூர்ப் பக்கத்தில் வேலை செய்த வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் மிஷனரியிடம் ஆட்கள் வந்தது தனித்தனியாக அல்ல. ஒரு குடியிருப்பே பேசி முடிவெடுத்து, பெரியவர்கள் சிலரை அனுப்பும். அவர்கள் கேட்டது பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கள் இடத்துக்கு ஒரு வாத்தியாரை அனுப்புங்கள். கவனியுங்கள், ரொட்டி கேட்கவில்லை. தங்கள் தெருவில் வந்து தங்கி, தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லி, கச்சேரியிலிருந்து வரும் காகிதத்தைப் படித்துச் சொல்லி, பதில் எழுதக்கூடிய ஒரு ஆள். அந்த ஆள் வந்து தங்கவும், கூடி உட்காரவும் ஒரு கூரை.

அந்தக் கூரை எழும்பும்போதே சண்டையும் தொடங்கிவிடும். மனை மிராசுதாருடையது என்பதால் நான்கு மண் சுவர் எழுப்பி ஓலை வேய்ந்த ஒரு பள்ளிக்கு இடம் கிடைப்பதே போராட்டம். கடனை உடனே திருப்பு என்பார்கள், மனையைக் காலி செய் என்பார்கள், வேலை இல்லை என்பார்கள். ஒரு கூரைக் கொட்டகைக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு என்று கேட்டால் பதில் எளிது: அது பகலில் பள்ளி, இரவில் வேலை முடிந்து வருபவர்களுக்கு இரவுப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நேரத்தில் அந்தத் தெருவின் பஞ்சாயத்து. மிராசுதாரின் திண்ணைக்கு முன்னால் கைகட்டி நின்று பேச வேண்டிய விஷயங்களை அங்கே உட்கார்ந்து பேசினார்கள். மெதடிஸ்ட் ஒழுங்கு இதற்கு எலும்புக்கூடு தந்தது: வாரக் கூட்டம், காணிக்கைக் கணக்கு, காலாண்டுக் கூட்டம், உள்ளூர்ப் பிரசங்கியார். சமைக்கும் முன் எடுத்துவைக்கும் பிடி அரிசியிலிருந்து உபதேசியாருக்குப் படி சேர்த்த தமிழ்ச் சபைகளின் வழக்கத்தைச் சிலர் பக்தியின் அடையாளமாக மட்டும் பார்க்கிறார்கள். கூலியாகவே நெல்லை வாங்கியவர்கள் தங்கள் கையிலிருந்து ஒருவருக்குச் சம்பளம் தந்தார்கள், ஆகவே அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றார்கள் என்பதையும் அதில் பார்க்க வேண்டும். அங்கே எழுதப்பட்ட மனுக்களுக்குத் தொடர்ச்சி உண்டு. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் அந்த மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பும், மிஷனரிகள் சேர்ந்து கொடுத்த அழுத்தமும், 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணைக்கு இட்டுச் சென்றன. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று அழைக்கப்பட்ட, அந்த மக்களுக்கான நில ஒப்படைப்புகளுக்கு வழி திறந்தது அதுதான். கௌடி 1894-ல் இம்மக்களையும் நிலத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் பேசியதும் மனை, தரிசு, கடன் பற்றித்தான். அவருக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது சபை மக்கள். மிஷனரி வரலாறுகளில் இந்தத் திசை தலைகீழாகவே எழுதப்படுகிறது.

முதல் மறுப்பு தெரிந்ததுதான்: இது ஆசைகாட்டி நடந்தது, பஞ்ச காலத்தில் கஞ்சிக்காக நடந்தது. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. அதன் பின் ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்ததும் உண்மை. ஓங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்டுகள் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே ஓங்கோல் மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாய் வேலையில் பஞ்ச நிவாரணக் கூலி கொடுத்த மாதங்களில் ஞானஸ்நானத்தை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார் என்பதை எடுத்துக்காட்டுபவர்கள் சொல்வதில்லை. வெஸ்லியன்கள் கிராமங்களில் பெருகியது பெரும்பாலும் பஞ்சம் ஓய்ந்த பிறகுதான். தாராபுரம் இயக்கத்துக்கும் அந்தப் பஞ்சத்துக்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேல் இடைவெளி. கஞ்சித் தொட்டியை இழுத்து மூடிய பிறகும் வந்தவர்களைக் கஞ்சி இழுத்தது என்று எப்படிச் சொல்வது? லாபம் கிடைத்ததா என்ற கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். மனை போனது, வேலை போனது, கிணறு மறுக்கப்பட்டது. பல குடியிருப்புகள் தாங்க முடியாமல் பின்வாங்கியதும் உண்டு. பின்வாங்காதவர்கள் எதை எண்ணி நின்றார்கள் என்பதே கேள்வி. 1933-ல் வெளிவந்த ஜே. வாஸ்கம் பிக்கெட்டின் ஆய்வு இந்தியாவின் திரள் மதமாற்றங்களை விரிவாகப் பார்த்தது; பிக்கெட்டும் ஒரு மெதடிஸ்ட்தான், ஆகவே அவர் சொல்வதைச் சற்று சந்தேகத்தோடே படிக்கலாம். மக்கள் சொன்ன காரணங்களில் பக்தியும் இருந்தது, வயிறும் இருந்தது, மானமும் இருந்தது, உறவுக்காரர் போனார் நானும் போனேன் என்பதும் இருந்தது. எந்தக் காரணத்தோடு வந்தார்கள் என்பதைவிட, வந்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த போதனையும் ஆதரவும்தான் சபையைத் தீர்மானித்தது என்பது அவர் கண்ட முடிவு.

இரண்டாவது மறுப்பு, இது வெளியாள் தூண்டிவிட்ட வேலை என்பது. இதற்குப் பதில் மன்னார்குடியிலேயே இருக்கிறது. ஃபின்லே பள்ளியின் மணி கேட்கும் தூரத்துக் கிராமங்களில் பண்ணையாட்களுக்குச் சிலுவை எதையும் தரவில்லை, ஏனென்றால் மிஷன் அவர்களைத் தேடி அங்கே போனது குறைவு. 1940-களில் அதே மன்னார்குடி வட்டாரத்தின் தென்பரையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் செங்கொடியோடு வந்தார். அவரும் வெளியாள்தான், தாய்மொழி கன்னடம். தஞ்சைப் பண்ணையாட்கள் அவரிடம் போனது எதற்காக? சவுக்கடியும் சாணிப்பால் புகட்டும் தண்டனையும் நிற்க வேண்டும், கூலி நெல் அளவு சரியாக இருக்க வேண்டும், கூடிப் பேச ஒரு சங்கம் வேண்டும். திருவள்ளூரில் சபை செய்த வேலையில் பெரும்பகுதியைத் தஞ்சையில் சங்கம் செய்தது. வெளியாள் தூண்டுகிறான், நம் ஆட்கள் நல்லவர்கள் என்று மிராசுதார்கள் இரண்டு இடத்திலும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். அந்த வசனத்தின் கடைசிப் பக்கம் கீழ்வெண்மணி: 1968 டிசம்பர் 25 இரவு, குடிசையில் எரிந்த 44 உயிர். அதற்குப் பிறகுதான் 1971-ல் விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்பு மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. 1890-களில் திருவள்ளூர் மக்கள் மனுவில் எழுதிய அதே மனைப் பிரச்சினை. ஒரு மாவட்டத்தில் சிலுவை, இன்னொரு மாவட்டத்தில் செங்கொடி, கேட்டது ஒன்றே. அந்நிய மதம் என்று சொல்பவர்கள் இந்த ஒற்றுமைக்கு விளக்கம் சொல்லட்டும்.

விசுவாசிகளுக்கு இந்த வாதம் கசக்கக்கூடும். எங்கள் பாட்டன் பாட்டி இயேசுவைக் கண்டார்கள், நீங்கள் மனையையும் மனுவையும் பேசுகிறீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பக்தி ஒரு பெட்டியிலும் மானம் இன்னொரு பெட்டியிலும் இருப்பதாக நினைப்பது வசதியானவர்களின் பழக்கம். கோயிலுக்குள் போகவே முடியாத ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரவைத்து, உன் பாவத்துக்காக ஒருவர் மரித்தார் என்று சொல்லும்போது, அவருக்கு அது இறையியலா சமூகநீதியா என்று பிரித்துக் காட்ட முடியாது. கிணற்றடியில் விரட்டப்படுகிற ஒரு பெண் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று வாய்விட்டு ஜெபம் செய்கிறார் என்றால், அந்த நிமிடத்தில் நடந்தது பேச்சுரிமை, அதே நிமிடத்தில் நடந்தது பக்தி. நான் சொல்வது விசுவாசம் பொய் என்பதல்ல. அது வளர்ந்த மண் எது என்பதே.

இதைவிடக் கூர்மையான மறுப்பு சபைக்கு உள்ளிருந்து வருகிறது: சாதி போகவில்லையே? போகவில்லை. லுத்தரன்கள் நீங்கலாகப் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் மிஷன்கள் 1850-லேயே சென்னை மிஷனரி மாநாட்டில் சாதியைச் சபைக்குள் ஏற்பதில்லை என்று தீர்மானம் போட்டன, வெஸ்லியன்களும் சேர்ந்துதான். தீர்மானம் ஏட்டில் நின்றது. தமிழ்நாட்டில் இன்றும் சாதி பார்த்துப் போதகரை எதிர்க்கும் சபைகள் உண்டு, தனிக் கல்லறைகள் உண்டு. கிராமத்து மெதடிஸ்ட் சபைகள் ஒரே தெருவில், ஒரே சாதியில் வளர்ந்ததால் சண்டை குறைவு என்று தோன்றலாம். அது சாதி ஒழிந்ததால் வந்த அமைதியல்ல, மற்றவர்கள் உள்ளே வராததால் வந்த அமைதி. அந்தக் கூரை ஒடுக்கப்பட்டவர்களை ஒன்றாக உட்கார வைத்தது, ஊரை ஒன்றாக உட்கார வைக்கவில்லை. இதை மறைத்துச் சபை வரலாறு எழுதுவது யாருக்கும் உதவாது. அதே சமயம், ஊரை ஒன்றாக உட்கார வைக்கும் வேலையைச் செய்யாத கோயிலையும் பஞ்சாயத்தையும் அரசையும் விட்டுவிட்டுச் சபையை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் அழகல்ல.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளோடு பிரிட்டிஷ் வழி மெதடிஸ்டுகளும் கலந்தார்கள். திருவள்ளூர்ச் சபைகள் சென்னைத் திருமண்டலத்துக்கும், மன்னார்குடி, கரூர், தாராபுரம் சபைகள் திருச்சி-தஞ்சைத் திருமண்டலத்துக்கும் போயின. அமெரிக்க வழி மெதடிஸ்டுகள் மட்டும் தனியே நின்று 1981-ல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபையானார்கள். ஒன்றிணைந்தது பெருமைக்குரிய நிகழ்வு, உலகத் திருச்சபை வரலாற்றில் பேசப்படுவது. ஆனால் இணைப்பில் யார் எதைக் கொண்டுவந்தார்கள், எது தங்கியது என்று பார்த்தால், ஆங்கிலிக்கன்கள் கொண்டுவந்த பேராயர் பதவி நன்றாக வேர்விட்டது, மெதடிஸ்டுகள் கொண்டுவந்த வாரக் குழு வாடிப்போனது. இதை நான் சிறிய இழப்பாக நினைக்கவில்லை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கணக்குப் பார்த்த பழக்கம் போய், ஆயிரக்கணக்கான ஏக்கர் சொத்துள்ள திருமண்டலங்களின் தேர்தலில் கிராமத்துச் சபையார் வாக்காளர்களாக மட்டும் மிஞ்சினார்கள். தேர்தல் வழக்கும் சொத்து வழக்கும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்கும்போது, கிராமத்து ஆலயத்தின் ஓடு ஒழுகினால் யாரிடம் சொல்வது என்பதே தெரியாத நிலை. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போகிறார்கள். மிஞ்சியவர்களில் பலர் அதே தெருவில் தகரம் வேய்ந்த பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். அங்கே சத்தம் அதிகம், இறையியல் குறைவு என்று பழைய சபையார் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் அங்கே போதகர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வருகிறார், எந்தப் பெண்ணும் எழுந்து நின்று பேசலாம். 1890-களில் ஓலைக் கொட்டகை கொடுத்ததை இன்று தகரக் கொட்டகை கொடுக்கிறது. ஓட்டுக் கட்டடம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

இப்போது அரசுப் பள்ளி இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, மனைப் பட்டா இருக்கிறது, ஆகவே அந்தக் காலத்துத் தேவை தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே வேங்கைவயலைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். 2022 டிசம்பரில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்தபோதுதான், அதே பகுதியில் இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவுத் தடையும் இருப்பது ஆட்சியர் நேரில் போன பிறகு வெளியே தெரிந்தது. தொட்டியை அரசு கட்டிக் கொடுத்திருந்தது. அரசு பொருளைக் கொடுக்கும். ஊருக்கு நடுவில் பயமில்லாமல் உட்கார்ந்து புகார் சொல்லும் இடத்தைக் கொடுப்பதில்லை. பஞ்சமி நிலத்தின் கதையும் அதுவே: 1892-ல் ஆணை வந்தது, நிலம் கைமாறிப் போனது, 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கத்துக் காரணையில் அதை மீட்கப் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் இறந்த இருவர் ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நிலம் கேட்கும்போது மதம் அவர்களைப் பிரிக்கவில்லை. பிரித்தது அரசு. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தது, கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். அவருக்குத் தனித் தொகுதி இல்லை, பட்டியல் சாதி இடஒதுக்கீடு இல்லை, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் எளிதில் எட்டுவதில்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தோடு முடிச்சுப் போடுவதை விட்டுவிடச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2022-ல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்குத் தவணை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. சேரியில் பிறந்தவர் சபையில் உட்கார்ந்தால் சாதி போய்விடும் என்று அரசு நம்புகிறதா? சபைக்குள்ளேயே போகவில்லை என்பது மேலே பார்த்தது.

வழிபாட்டு இடத்துக்கே அரசு வைத்திருக்கும் தடையையும் இதோடு பேச வேண்டும். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி கிராம ஊராட்சியில் பொது வழிபாட்டுக்கான கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். சட்டம் ஒழுங்குக்காக என்பது விளக்கம். எல்லா மதத்துக்கும் பொதுவான விதிதான். நடைமுறையில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் பேராலயமும் விதிக்கு முன்பே எழுந்து நிற்கின்றன. அனுமதிக்கு அலைவது புதிதாகக் கூடுகிறவர்கள், அதாவது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஊரில் யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் மனு கிடப்பில் கிடக்கிறது. மிராசுதார் ஒப்புதலில்லாமல் தரிசு கிடைக்காத செங்கல்பட்டை நினைவுபடுத்தும் ஏற்பாடு இது. இத்தனை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் மட்டுமே காரணமாகக் கூடாது என்று விதியைத் திருத்துவது பெரிய காரியமல்ல. திருமண்டலங்கள் இந்தத் திருத்தத்தைக் கேட்கலாம். கேட்பதற்கு முன் தங்கள் வரவு செலவை அச்சிட்டு ஒவ்வொரு கிராமத்துச் சபையின் கதவிலும் ஒட்டலாம், காலாண்டுக்கு ஒருமுறை அதைச் சபையார் முன் வாசித்துக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். பிடி அரிசி போட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை இன்னும் காலாவதியாகவில்லை.